கணினிக் கூடமும் இருவகை வாசகரும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலே, தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவை நோக்கி வண்டி மெல்ல ஏறும்போது, வட்டகொடை என்றொரு சிறு நிலையம் வரும். இருமருங்கும் தேயிலைப் பசுமை. இடையிடையே லயங்களின் தகரக் கூரைகள். 1885-ஆம் ஆண்டிலே நானுஓயாவரை வந்து சேர்ந்த இவ்விருப்புப் பாதை, தோட்ட விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் பொருட்டே பெரிதும் பயன்பட்டது. அதே பாதையிலே இன்று எங்கள் பிள்ளைகளிற் சிலர் பேராதனைக்கும் கொழும்புக்கும் உயர்கல்வி நாடிச் செல்கின்றனர். அந்தச் சிலர் பலராக வேண்டும் என்பதே இப்பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் என் போன்றோரின் கனவு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அக்கனவோடு தொடர்புடையதே.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலிலே கூறிவிடுகிறேன். நான் அதிபராக இருந்த பாடசாலை ஒன்றின் நூலகத்தை அடுத்து ஒரு சிறு அறை இருந்தது. அதில் ஆறு கணினிகள். பாடசாலை முடிந்தபின் பழைய மாணவரும் அங்கு வந்து அவற்றைப் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தோம். ஒரு நாள் மாலை மூன்று மணி இருக்கும், மழை பெய்துகொண்டிருந்தது. ஐந்து கணினிகளிலே பையன்கள் மோட்டார்ப் பந்தய விளையாட்டில் மூழ்கியிருந்தனர். ஆறாவது பழுதாகிக் கிடந்தது. உயர்தரப் பரீட்சையிலே நல்ல பெறுபேறு பெற்ற ஒரு மாணவி, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை இணையவழி நிரப்புவதற்காக வந்து கதவருகே நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். எழுந்திருங்கள் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். நிற்கிறாளே என்று பார்க்கப் பையன்களுக்குக் கண் இல்லை. தோட்டத்துக்குச் செல்லும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகவே அவள் போய்விட்டாள். விண்ணப்ப முடிவு நாள் மறுநாள். தகப்பனார் தோட்டத்திலே ஒரு நாட் ‘பேர்’ இழந்து, மகளை ஹட்டனுக்கு அழைத்துச் சென்று, கடையொன்றிலே காசு கொடுத்து அதை நிரப்பினார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அறிந்த அன்றே விளையாட்டை முற்றாகத் தடைசெய்து கதவிலே அறிவித்தல் ஒட்டினேன். நான் செய்தது சரியா? அதன் விளைவு என்ன? அதனைப் பின்னர்க் கூறுகிறேன். ஏனெனில், இந்த வினா என்னுடைய பாடசாலையிலே தோன்றியதன்று, கணினியோடு தோன்றியதுமன்று. பொதுப் பணத்தில் அமைந்த அறிவுக் கூடத்திலே இன்பத்துக்காக வருபவனுக்கும் ஆய்வுக்காக வருபவனுக்கும் எவ்வாறு இடம் பகிர்வது என்னும் வினா, ஏறத்தாழ 170 ஆண்டு வயதுடையது.

1852-ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தார் தம் நகருக்குப் பொது நூலகம் ஒன்று அமைப்பது பற்றி ஆராய்ந்தனர். ஆராய்ந்தோருள் இருவர் பேரறிஞர். ஒருவர் எட்வேர்ட் எவரெட். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். மற்றவர் ஜோர்ஜ் ரிக்னர். ஸ்பானிய இலக்கிய வரலாறு எழுதியவர். நூலகம் கற்றோருக்குரிய ஆய்வுக் களஞ்சியமாக விளங்கவேண்டும் என்பது எவரெட்டின் நோக்கு. ரிக்னரோ, மக்கள் விரும்பிப் படிக்கும் இனிய நூல்களைப் பல பிரதிகளாக வாங்கி, வீட்டுக்கே கொடுத்தனுப்ப வேண்டும் என்றார். பெரும் ஆய்வாளரான அவரே எளியோரின் இன்ப வாசிப்புக்காக வாதாடினார் என்பது நாம் கருதத்தக்கது. வாசிக்கும் சுவையை முதலில் ஊட்டுங்கள். உயர்ந்த நூல்களை அவர்கள் பின்னர்த் தாமே தேடுவர் என்பது அவரது நம்பிக்கை.

இவ்விருவர் கருத்தும் எவ்வாறு இணைந்தன? 1858-இல் பொயில்ஸ்டன் வீதியிலே திறக்கப்பட்ட புதிய கட்டடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். கீழ் மண்டபத்திலே மக்கள் விரும்பும் நூல்கள் வைக்கப்பட்டன. மேல் மண்டபம் ஆய்வாளருக்கு ஒதுக்கப்பட்டது. மேல் மண்டபத்துக்கு ஜோஷுவா பேற்ஸ் என்பாரின் பெயர் சூட்டப்பட்டது. நூலகத்துக்குப் பெரும் பொருள் வழங்கிய அவர், இளமையிலே நூல் வாங்க வகையின்றி, மாலை வேளைகளில் ஒரு புத்தகக் கடையிலே அமர்ந்து படித்து முன்னேறியவர். வாதத்திலே தீராத பிணக்கை ஒரு மாடிப்படி தீர்த்துவைத்தது என்று கூறலாம். இன்பமும் ஆய்வும் ஒன்றையொன்று விரட்ட வேண்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வகுத்தாற் போதும் என்பது அந்தக் கட்டடம் சொல்லும் பாடம்.

அது நகர நூலகம். பல்கலைக்கழக நூலகத்திலே இன்பத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முதலாம் உலகப் போரிலே உயிர்நீத்த ஹென்றி பான்ஸ்வேர்த் என்னும் பழைய மாணவரின் நினைவாக, 1916-இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வைட்னர் நூலகத்திலே ஓர் அறை திறக்கப்பட்டது. மெத்தை நாற்காலிகளும் நல்ல இலக்கிய நூல்களும் அங்கே இருந்தன. பாடத்துக்காகப் படிப்பதற்கென அன்றி, மகிழ்ச்சிக்காகப் படிப்பதற்கெனவே அமைந்த அறை அது. கல்வியின் பெருங்கோயிலாகிய அந்நூலகத்தில் இன்ப வாசிப்புக்கு ஓர் அறை ஒதுக்கியமையால் ஆய்வு குன்றிவிடவில்லை. பிற பல்கலைக்கழகங்களும் அத்தகைய அறைகளை அமைத்துக்கொண்டன.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். சீர்காழியிலே 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்று, பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே நூல்களை வகைப்படுத்தும் முறைகளில் மனநிறைவு காணாது சிந்தித்துக்கொண்டிருந்த வேளையிலே, ஒருநாள் பெரிய கடையொன்றிலே குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகிய மெக்கானோவைச் செய்துகாட்டினர். சில உலோகத் துண்டுகளும் திருகாணிகளும். அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தினால் எத்தனையோ உருவங்கள். நூற்பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பகுத்து வேண்டியபடி இணைக்கலாமே என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1933-இல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற கோலன் பகுப்பு முறை இவ்வாறு முளைத்தது. நூலகவியலின் தந்தை என நாம் போற்றும் பேரறிஞருக்கு வழிகாட்டியது ஒரு விளையாட்டுப் பொருள்!

1931-இல் அவர் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளை நூலகவியல் மாணவர் யாவரும் அறிவர். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியன என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிட்டவேண்டும் என்பதும் அடுத்த இரண்டு. வாசகனின் நேரத்தைப் பேணுக என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. அதே 1931-இல், மன்னார்குடிப் பகுதிக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றிச் சென்ற நடமாடும் நூலகமும் தொடங்கப்பெற்றது. வண்டியைத் தேடி வந்த உழவரிடம், நீர் படிப்பது ஆய்வுக்கா, பொழுதுபோக்குக்கா என்று எவரும் வினவியிரார் அல்லவா?

நூல் என்றிருக்கும் இடத்திலெல்லாம் கணினி என்று வைத்துப் பாருங்கள். இவ்விதிகள் சிறிதும் பழுதுபடா. கதவருகே ஒரு மணி நேரம் நின்று திரும்பிய மாணவிக்கு நாங்கள் இழைத்த தவறு நான்காம் விதியை மீறிய தவறு. அதற்குப் பரிகாரமாக நான் செய்ததோ முதல் விதியை மீறுவதாயிற்று. எவ்வாறெனில், அதற்கு முன் கணினியின் வரலாற்றையும் சிறிது நோக்கவேண்டும்.

கணினி பிறந்த காலம் முதலாகவே விளையாட்டு அதனோடு ஒட்டி வந்துள்ளது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்துக்கு 1961-இல் பி.டி.பி.-1 என்னும் கணினி வந்து சேர்ந்தது. மறு ஆண்டிலேயே ஸ்டீவ் ரசலும் அவர் தோழரும் அதில் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விண்வெளிப் போர் விளையாட்டை அமைத்துவிட்டனர். 1969-இல் பெல் ஆய்வுகூடத்தின் கென் தொம்சன், கோள்களிடையே பயணம் செய்யும் விளையாட்டொன்றை எழுதினார். பெரிய கணினியிலே அதை ஒருமுறை ஆடுவதற்கு ஏறத்தாழ 75 டாலர் பெறுமதியான கணினி நேரம் செலவாயிற்று. ஆகவே, அதிகம் பயன்படாது கிடந்த சிறு கணினி ஒன்றைத் தேடி அதற்கு மாற்றினார். அம்முயற்சியிலே கற்றவற்றைக்கொண்டு அதே சிறு கணினியில் அவர் அமைத்ததே யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை. இன்றைய கணினி உலகின் பெரும்பகுதி அதன் வழிவந்தது.

ஆயினும், விளையாட்டிலிருந்து எப்போதும் நன்மையே விளையும் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். இலிநோய் பல்கலைக்கழகத்திலே 1960-இல் தொடங்கப்பட்ட ‘பிளேட்டோ’ என்னும் கணினித் திட்டம், கற்பிப்பதற்கென்றே ஏற்பட்டது. 1970-களிலே அதில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் பெருகின. பாடம் ஆயத்தம் செய்வோரும் பாடம் பயில்வோரும் இடமின்றித் தவிக்கும் நிலை தோன்றவே, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் விளையாட்டு இயங்கலாகாது என்று கட்டுப்படுத்தும் செய்நிரல் ஒன்றை அமைத்தனர். பொஸ்டன் நகரத்தார் இடத்தைப் பகுத்தனர். இலிநோயார் நேரத்தையும் பகுத்தனர். எனினும் இருவரும் கதவைப் பூட்டவில்லை.

நமது நாட்டின் கதைக்கு வருகிறேன். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-இல் தோன்றி, 1952-இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நம் மலைகளுக்கு அண்மையிலே பல்கலைக்கழக நூலகம் ஒன்று வந்துவிட்டது; ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அதன் வாயில் நெடுங்காலம் எட்டாத் தொலைவிலேயே இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970-களின் பிற்பகுதியிலேதான். நான் படித்த தோட்டப் பாடசாலையிலே நூலகம் என்பது ஓர் அலுமாரி. அதற்குள்ளே கதைப் புத்தகங்கள் இருந்தன. கண்ணாடிக்கு வெளியே நாங்கள் இருந்தோம். புத்தகம் கிழிந்துவிடும் என்று அது எப்போதும் பூட்டியே இருந்தது. நல்லெண்ணத்தோடு பூட்டிய பூட்டுத்தான். எனினும் அது பூட்டே.

2005-ஆம் ஆண்டு முதல், ‘நெனசல’ எனச் சிங்களத்திலும் ‘அறிவகம்’ எனத் தமிழிலும் பெயர்பெற்ற கணினி நிலையங்கள் நாடெங்கும் நிறுவப்பட்டன. நூலகங்களிலும் சமய நிலையங்களிலும் பொது மண்டபங்களிலும் அமைந்த நூற்றுக்கணக்கான இந்நிலையங்கள், சொந்தமாகக் கணினி வாங்க இயலாத கிராமத்தவருக்கு அதனைத் தொட்டுப் பழக வாய்ப்பளித்தன. இத்திட்டம் 2014-இல் பில் மெலிண்டா கேற்ஸ் நிறுவனத்தின் பத்து இலட்சம் டாலர் விருதையும் பெற்றது. கல்விக்கெனக் கருதப்பட்ட இத்தகைய இடங்களுக்கு மக்கள் வெளிநாட்டிலுள்ள உறவினருடன் பேசவும், பாட்டுக் கேட்கவும், கிரிக்கெட் நிலவரம் அறியவும் வருவது இயல்பு. மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிபுரியும் தாயின் முகத்தைக் கணினித் திரையிலே பிள்ளை பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று எந்த நூலகர் ஏட்டிலே பதிவார்? வாழ்க்கையின் தேவைகள் ஆய்வு, பொழுதுபோக்கு என்னும் இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடுவனவல்ல.

இனி, என் தடையுத்தரவின் விளைவைக் கூறுகிறேன். முதல் வாரம் அறையிலே அமைதி நிலவியது, மகிழ்ந்தேன். அடுத்த மாதம் அமைதி மேலும் பெருகியது. மூன்றாம் மாதம் அங்கே எவருமே இல்லை. ஆளில்லாத அறையை ஏன் திறந்து வைப்பது என்று சாவி காரியாலயத்துக்கு வந்தது. கணினிகளின் மேலே துணி மூடி, துணியின் மேலே தூசு படிந்தது. நான் சிறுவனாய்ப் பார்த்த அதே அலுமாரியை, அதிபராகி நானே பூட்டிவிட்டேன் என்பதை உணரச் சில காலம் சென்றது.

உணர்த்தியவர் எங்கள் தமிழாசிரியை. ‘சேர், பாடசாலை மலருக்குத் தமிழில் தட்டெழுத ஆள் இல்லை’ என்றார். ‘முன்பு யார் செய்தது?’ என்று கேட்டேன். ‘அந்தப் பந்தய விளையாட்டுப் பையன்களில் ஒருவன்தான், சேர். சினிமாப் பாட்டு வரிகளை அடித்து அடித்தே தமிழ் விசைப்பலகை பழகினவன். மற்றப் பிள்ளைகளுக்கும் அவன்தான் காட்டிக் கொடுத்தான். இப்போது அவன் வருவதில்லை’ என்றார். விளையாட வந்தவன் எங்களுக்கு ஊதியமில்லாத ஆசிரியனாக இருந்திருக்கிறான். அதை அறியாமல் அவனை வெளியேற்றியிருக்கிறேன்.

அவனை அழைத்துப் பேசி, அவனும் நூலகப் பொறுப்பாசிரியரும் நானும் அமர்ந்து புதிய ஒழுங்கு வகுத்தோம். கதவருகே உள்ள இரண்டு கணினிகள் எப்போதும் படிப்புக்கும் விண்ணப்பங்களுக்குமே உரியன. அவை வெறுமையாக இருந்தாலும் விளையாட்டு இல்லை. ஏனைய கணினிகளிலே நான்கு மணிவரை கற்போருக்கே முதலிடம். அதன்பின் யாரும் எதுவும் செய்யலாம், ஆனால் அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். பரீட்சைக் காலத்திலும் விண்ணப்பக் காலத்திலும் விளையாட்டு இல்லை. இவற்றிலும் முக்கியமானது நான்காவது: காத்து நிற்பவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. வந்தவர் பெயரை ஏட்டிலே எழுதினால், எழுப்புவது பொறுப்பாளரின் கடமை. கூச்சமுள்ள பிள்ளை உரக்கப் பேசும் பிள்ளையிடம் தோற்கலாகாது. பழுதான ஆறாவது கணினியையும் திருத்தினோம். விளையாட்டுப் பிரியர்களே முன்னின்று திருத்தினர்.

இவ்வொழுங்கு குறையற்றது என்று நான் கூறவில்லை. பிணக்குகள் வந்தன, சில விதிகளை மாற்றினோம். ஆனால் அறை நிறைந்தது. விளையாட வந்தோருள் சிலர், பக்கத்திலிருப்பவர் பழைய வினாத்தாள் தேடுவதைப் பார்த்துத் தாமும் தேடினர்.

இங்கே இன்னுமொரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழ் ஆய்வாளர் இன்று வீட்டிலிருந்தபடியே பழந்தமிழ் நூல்களைக் கணினியிலே படிக்கின்றனர். அதற்கு வழிவகுத்த மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே காக்கும் ‘நூலகம்’ என்னும் முயற்சி 2005-இல் தோன்றியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்துக்கு, அம்முயற்சியின் அருமை சொல்லாமலே விளங்கும். இப்பணிகளில் முன்னின்றோர் பெரும்பாலும் தன்னார்வலர். தம் ஓய்வு நேரத்திலே கணினியின் முன் அமர்ந்து தட்டெழுதியோரும் படியெடுத்தோரும் ஆவர். ஒருவரின் ஓய்வு நேரம் மற்றொருவரின் ஆய்வு நூலகமாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே மதில் எழுப்புவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசி அலை கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் மேடு பள்ளம் ஏறியிறங்கியதைக் கண்டோம். இப்போது கைத்தொலைபேசி பல வீடுகளில் உண்டு. விளையாட்டு அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் நீண்ட விண்ணப்பத்தை நிரப்பவும், ஒப்படைக் கட்டுரை எழுதவும், அச்செடுக்கவும் கணினி வேண்டியே இருக்கிறது. அக்கணினி ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்குமிடம் பொதுக் கூடம் ஒன்றே. ஆகவே ஒழுங்கு இன்னும் வேண்டும். திறந்த கதவும் இன்னும் வேண்டும்.

தேயிலை மலையிலே பிறந்தவர்க்கு ஓர் உவமை சொல்லி முடிக்கிறேன். மலையிலே இடையிடையே நிழல் மரங்கள் நிற்கின்றன. அவை கொழுந்து தருவதில்லை. ஆயினும் எந்தத் தோட்டத்தாரும் பயனற்றவை என்று அவற்றை அடியோடு வெட்டிவிடுவதில்லை. அளவுக்கு மீறி வளர்ந்து தேயிலைக்கு வெயிலை மறைக்கும்போது கிளையை மட்டும் தறிக்கின்றனர். நூலகத்துக் கணினியிலே இன்பப் பொழுதும் அத்தகையதே. காலமறிந்து கிளையைத் தறிப்பது பொறுப்பாளரின் கடன்; மரத்தையே வெட்டிவிட்டு, மலை ஏன் வாடுகிறது என்று வியப்பது பேதைமை. அந்தப் பேதைமையை ஒருமுறை செய்து பார்த்தவன் என்ற உரிமையோடு இதனைக் கூறினேன்.